சாக்கியர் கண்ட நான்கு: சைவ பௌத்த வினைக்கொள்கை ஆராய்ச்சி

வினை என்னுஞ் சொல் பாரத நாட்டிற் றோன்றிய சமயங்களுள் உலகாயதம் ஒழிந்த ஏனைய பெரும்பாலனவற்றிற்கும் பொதுச்சொல். சொல் பொதுவாதல் பற்றிப் பொருளும் பொதுவே எனக் கருதுவார் பலர். சைவர் கூறும் வினையும் பௌத்தர் கூறும் வினையும் ஒன்றே. செய்தது செய்தவனை வந்தடையும் என்பதே இரண்டன் கருத்தும். இவற்றிடையே வேற்றுமை கற்பிப்பார் சமயப் பூசல் விரும்புவாரே எனச் சமரசம் பேசுவார் சொற்பொழிவுகளிலும் நூன்முகங்களிலும் கூறி வருகின்றனர். மற்றொருசாரார், பௌத்தர் உயிர் என ஒன்று இல்லை என்றாராகலின், உயிர் இல்வழி வினைப்பயன் நுகர்வார் யார் என்னும் ஒரு வினாவே அவர் மதத்தை வீழ்த்தப் போதும் எனக் கூறி அவ்வளவில் அமைகின்றனர். இவ்விருதிறத்தார் கூற்றும் நின்று ஆராய்வார்க்கு நிரம்பாதனவாம்.

இவ்வாராய்ச்சிக்கு வேண்டும் அளவுகோல் திருத்தொண்டர் புராணத்திலேயே உளது. இரண்டாங் குலோத்துங்கனாகிய அநபாயன் காலத்தே, கி. பி. 12-ஆம் நூற்றாண்டில், சேக்கிழார் அருளிச்செய்த அந்நூலுள் சாக்கிய நாயனார் வரலாறு அளவிற் சிறியது, கருத்திற் பெரியது. திருச்சங்கமங்கையில் வேளாண் குடியிற் பிறந்த அவர், பிறப்பிறப்பினின்றும் நீங்கும் நெறி நாடிக் காஞ்சி நகர் சென்றார். காஞ்சி அந்நாளிற் பௌத்தர் கல்விக்குப் பேர்போன ஊர். மணிமேகலை அறவண அடிகள்பால் தருமம் கேட்டதும் அவ்வூரிலேயே எனச் சாத்தனார் பாடினார். ஆண்டுச் சாக்கியர் பௌத்தத் துவராடை பூண்டு அந்நூல்களை முற்றக் கற்றார். கற்றபின் அவர் உள்ளத்தில் ஒன்று தெளிந்தது. செய்யப்படும் வினை, அதனைச் செய்யும் உயிர், அதனால் விளையும் பயன், அப்பயனை அவ்வுயிர்க்குச் சேர்ப்பிக்கும் முதல்வன் என நான்கு பொருள் உள; அந்நான்கனையும் ஒருங்கே கொண்ட நெறி சைவமே என்பது அத்தெளிவு.

நாவுக்கரசரைச் சைவத்திற்கு மீட்டது சூலைநோய். நின்றசீர் நெடுமாறனை மீட்டது வெப்புநோயும் அதன்பின் நிகழ்ந்த வாதுகளும். சாக்கியரை மீட்டது நோயுமன்று, வாதுமன்று, அற்புதமுமன்று. வினையைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்றே. அறுபத்துமூவருள் ஒரு கொள்கையின் வலிமையால் மட்டும் நெறி மாறியவராகச் சேக்கிழார் காட்டுபவர் அவரே எனலாம். ஆகவே, பௌத்தத்தை உள்ளிருந்து கற்றறிந்த ஒருவர் கண்ட அந்நான்கனையும் கொண்டே இரு சமயத்தின் வினைக்கொள்கையையும் அளந்து காண்டல் முறையாகும்.

முதற்கண் செய்வினை. மீமாஞ்சகர் வினை எனப் பெரும்பாலும் கொண்டது வேள்வி முதலிய விதிச்செயல்களையே. நிகண்டவாதியர் உடலாற் செய்வதே ஏனையவற்றினும் கொடிது என்றனர். புத்தர் இவ்விருவரினும் வேறுபட்டு, உள்ளத்தெழும் கருத்துத் துணிவையே வினை என்றார். பாலிமொழியில் அது சேதனை எனப்படும். மச்சிம நிகாயத்து உபாலி சூத்திரத்துள், நிகண்டநெறி நின்ற உபாலி என்னும் இல்லறத்தானோடு நாளந்தையில் வழக்காடி, உடல்வினை சொல்வினை மனவினை என்னும் மூன்றனுள் மனவினையே பெரிது என அவர் நாட்டியமை கூறப்பட்டுள்ளது. நடக்குங்கால் அடிக்கீழ் எறும்பு இறத்தலும், கொல்லக் கருதி எறும்பை நசுக்குதலும் ஒருதன்மையன அல்ல என்பது இக்கொள்கையாற் பெறப்படும். வினையை வெறுஞ் செயலினின்றும் பிரித்து நெஞ்சின்பாற் கொணர்ந்து நிறுத்திய இத்தெளிவு போற்றத்தக்கதே. எனினும் அது பௌத்தரே முதற்கண் கண்டதன்று. ஒருவன் அவா எத்தன்மைத்தோ அத்தன்மைத்தாகும் அவன் துணிவு, துணிவின் வழியது செயல், செயலின் வழியது அவன் ஆகும் நிலை எனும் கருத்துப் பிருகதாரணியக உபநிடதத்துள் யாஞ்ஞவற்கியர் வாய்மொழியாகக் காணப்படுகின்றது.

சைவர் இதனை மறுப்பதற்கு ஓர் இயைபும் இன்று. சாக்கிய நாயனார் வரலாறே இதற்குச் சான்று. வெளியிற் சிவலிங்கத் திருமேனி கண்டு, அன்பு மேலிட்டு, செய்வதறியாது அருகே கிடந்த கல்லை எடுத்து எறிந்தார். அதனையே நாள்வழிபாடாகவும் கொண்டார். புறத்தே நோக்குவார்க்கு அது கல்லெறி; அகத்தே நோக்குவார்க்கு அது பூசனை. நெஞ்சே வினையின் உயிர் எனக் காஞ்சியிற் கற்ற பாடம் அவர்க்கு ஈண்டும் உதவிற்றுப்போலும்! ஆயினும் சித்தாந்தம் அவ்வளவில் நில்லாது மேலும் ஓரடி செல்கின்றது. நெஞ்சின் நன்மை தீமையைப் பௌத்தர் ஆசை, வெகுளி, மயக்கம் என்னும் மூன்றன் உண்மை இன்மையால் அளப்பர். சைவர் அந்நெஞ்சு யாரைப் பற்றி நின்றது என்பதனையும் கொண்டு அளப்பர். தக்கன் செய்த பெருவேள்வி தீதாய் முடிந்தமையும், சண்டேசுர நாயனார் தந்தை தாள் துணித்தது நன்றாய் முடிந்தமையும் அருணந்தி சிவாசாரியர் தம் சிவஞான சித்தியார்ச் சுபக்கத்துள் எடுத்துக்காட்டியது இதுபற்றியே. இவ்விடத்தைப் பற்றிக்கொண்டு, திருநீறு அணிந்தான் செய்யும் தீதெல்லாம் நன்றாம் எனத் தமக்கு வேண்டியவாறு பொருள்கொள்வாரும் உளர். அவர் சண்டேசுரர் அத்தாளைத் துணித்தபோது தமக்கென யாதும் வேண்டி நின்றிலர் என்பதனை மறந்தனர். தன்னலம் சிறிது கலந்தவிடத்தும் அவ்வெடுத்துக்காட்டுச் செல்லாது.

இருப்புவினை, நுகர்வினை, ஏறுவினை என வினை மூவகைப்படுதலும், அது மாயையினும் ஆணவத்தினும் வேறாய்த் தொடர்ந்து வரும் ஒரு மலமாதலும், சடமாதலும் இவ்விதழ் பயில்வார் நன்கறிந்தன, ஈண்டு விரிக்கவேண்டா. சடம் என்னும் ஒன்றனை மட்டும் மனத்திற் கொள்க; அதன் பயன் பின்னர் விளங்கும்.

இரண்டாவது செய்வான். இவ்விடத்தேதான் சைவர் பலர் பௌத்தரை எளிதின் வென்றுவிட்டதாகக் கருதுவர். அருணந்தியார் பரபக்கத்துள் உலகாயதர் முதல் பாஞ்சராத்திரிகள் ஈறாகப் பதினான்கு கொள்கையினரை எடுத்துக்கொண்டு, அவருள் சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்தியமிகர், வைபாடிகர் எனப் பௌத்தர் நால்வர்க்கும் தனித்தனி இடம் வகுத்தார். ஒவ்வொருவர் கொள்கையையும் முதலில் அவர் சொல்லுமாறே கூறி, அதன்பின்னரே மறுதலை கூறுதல் அவர் நூன்முறை. அவரை மேற்கோள் காட்டுவார் பலர் அம்முறையைக் கைவிட்டு மறுதலையை மட்டுமே கைக்கொண்டனர். பௌத்தர் தம்மீது எழும் இவ்வினாவை அறியாதவரல்லர்; மற்றெவரினும் மிகுதியாக அதனோடு போராடியவர் அவரே.

கி. மு. 2-ஆம் நூற்றாண்டில் ஆண்ட யவன அரசன் மிலிந்தனும் நாகசேனரும் உரையாடியதாக அமைந்த மிலிந்த பஞ்ஞம் என்னும் பாலிநூலுள் இவ்வினா பன்முறை எழுகின்றது. மறுபிறப்பு எடுப்பவன் முன்னவனேயோ பிறனோ என அரசன் வினவ, அவனுமல்லன், பிறனுமல்லன் என நாகசேனர் விடை கூறுகின்றார். இரவு முழுதும் எரியும் விளக்கின் சுடர் முதல்யாமத்தும் கடையாமத்தும் ஒன்றுமன்று, முற்றும் வேறுமன்று, ஒன்றைப்பற்றி ஒன்று தோன்றும் தொடர்ச்சி அது. ஐங்கந்தமும் அவ்வாறே அழிந்தழிந்து தோன்றும். அத்தொடர்ச்சிக்குள்ளேயே வினையும் அதன் பயனும் அடங்கும் என்பது அவர் கருத்து. சாதகக் கதைகளில் முற்பிறப்பில் யானே அவனாயிருந்தேன் எனப் புத்தர் கூறுவதும், மணிமேகலை முற்பிறப்பில் இலக்குமியாயிருந்தமை கூறப்படுவதும் உலகவழக்கு நோக்கியன. மெய்ம்மை நோக்கியன அல்ல என அவர் அமைதி கூறுவர். ஆகவே, நுகர்வார் யார் என்று வினவிய அளவில் பௌத்தன் வாய்மூடி நிற்பான் எனக் கருதுதல் பேதைமை.

எனினும் அவ்விடை பௌத்தர் தமக்கே நிறைவு தந்ததா? தந்திலது என்பதற்கு அவர் சமய வரலாறே கரி. வாற்சீபுத்திரியரும் அவர் வழிவந்த சம்மிதீயரும், கந்தங்களோடு ஒன்றும் வேறும் அல்லாத புற்கலன் என ஒரு பொருள் வேண்டும் என்றனர். தீக்கும் விறகுக்கும் உள்ள தொடர்பை அதற்கு உவமை காட்டினர். வினையைச் சுமப்பார் ஒருவர் வேண்டும் என்னும் நெருக்கடி அவரை அவ்வாறு கூறச்செய்ததில் பெரும்பங்கு உடையது. அவர் ஒரு சிறு கூட்டத்தார் அல்லர். 7-ஆம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் இந்நாட்டிற்கு வந்தபோது சம்மிதீயப் பிக்குகள் பெருந்தொகையினராய் இருந்தனர். வசுபந்து தம் அபிதரும கோசத்தின் இறுதியில் ஓர் இயல் முழுதும் அவரை மறுப்பதற்கே ஒதுக்கினார். யோகாசாரரோ வினைவித்துக்களைத் தாங்கிக் கிடக்கும் ஆலய விஞ்ஞானம் என ஒன்றனைக் கொண்டனர். உயிர் என்னும் சொல்லை வாயில்வழி வெளியேற்றிவிட்டு, அதன் தொழிலைச் செய்தற்கு வேறு பெயரால் ஒருவரைச் சாளரத்தின்வழி அழைத்தமை இவற்றால் அறியப்படும்.

விளக்குவமையையும் சிறிது நின்று நோக்கவேண்டும். சுடர் தொடர்ந்து எரிதல் உண்மையே. ஆயின் முதல்யாமத்துச் சுடர் யாதும் செய்து குற்றப்பட்டிலது. கடையாமத்துச் சுடர் அதனால் வருந்தியதும் இலது. இரவு முழுதும் ஒரு விளக்கே எரிந்தது என்று கூறுவோன் சுடரின் வேறாய் விழித்திருந்தவன். தொடர்ச்சியைத் தொடர்ச்சி என அறிதற்கு அதனுள் அழிந்தழிந்து போகாத அறிவு ஒன்று வேண்டும். சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரம், உயிர் இல்லை என்று கூறும் அறிவே உயிருண்மைக்குச் சான்றாதலை முதற்கண் வைத்துத் தொடங்கியது இத்தகைய வழக்குகளை நோக்கியேயாம்.

ஈண்டுச் சைவர் தம்பக்கல் உணரவேண்டுவதும் ஒன்றுண்டு. மாறுபாடு சிறிதும் இல்லாத உயிர் வினை செய்தல் யாங்ஙனம். செய்து மாறுபடுமாயின் அது நித்தம் ஆதல் யாங்ஙனம் என்னும் பௌத்தர் கடாவினை ஏகான்மவாதியர்க்கும் சாங்கியர்க்கும் எளிதில் விடுவித்தல் அரிது. சித்தாந்தத்தை அக்கடா அவ்வாறு தாக்காது. உயிர் சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது. பளிங்குபோல அடுத்ததன் இயல்பைக் காட்டுவது. தானே அறியாது, அறிவிக்க அறிவது. அஃது என்றும் உளதாயினும் அதன் அறிவு சார்பினால் வேறுபடும். பௌத்தர் மறுத்த ஆன்மா தன்வயமுடைத்தாய், தனித்து நின்று, தன்னைத் தானே ஆளும் ஒரு பொருள். சித்தாந்தம் கூறும் ஆன்மா அத்தகையதன்று. இவ்வேறுபாட்டைக் கூறாது, ஆன்மா உண்டு இல்லை என்று மட்டும் வாதிடுவார் இரு சமயத்திற்கும் நன்மை செய்யார்.

மூன்றாவதாகிய பயன் இரு சமயத்தார்க்கும் உடன்பாடே. ஆகவே வழக்கு முழுதும் நான்காவதன்மேல் வந்து நிற்கின்றது. பயனைச் சேர்ப்பிக்கும் முதல்வன் வேண்டுமா? வேண்டா என்பது பௌத்தர் துணிபு. ஆயின் அவர் தம் கொள்கையை விளக்கக் காட்டிய உவமைகளையே நோக்குக.

நாகசேனர் மிலிந்தனுக்குக் கூறிய மாம்பழத் திருடன் உவமை பெரிதும் பேசப்படுவது. ஒருவன் பிறனது மாம்பழத்தைக் கவர்ந்தான். தோட்டமுடையான் அவனைப் பிடித்து அரசன்முன் நிறுத்தினான். உடையவன் நட்ட மாங்கொட்டை வேறு, யான் எடுத்த பழம் வேறு. ஆதலின் யான் அவன் பொருளைக் கவர்ந்திலேன் என்று திருடன் வழக்குரைத்தால் அவன் தண்டனைக்குத் தப்புவானா என்பது வினா. தப்பான், முன்னையதைப் பற்றியே பின்னையது தோன்றிற்று என அரசனும் உடன்படுகின்றான். தொடர்ச்சியை நிறுவுதற்கு இவ்வுவமை நன்று. ஆயின் அவ்வழக்கில் அரசன் ஒருவன் இருக்கின்றானன்றோ? மாமரம் தானே எழுந்துவந்து கள்வனை அடித்திலது. பழம் அவன் வயிற்றினின்றும் சான்று பகர்ந்திலது. கொட்டைக்கும் பழத்திற்கும் உள்ள தொடர்ச்சியை ஆய்ந்து, குற்றத்தின் அளவு தெரிந்து, அதற்குத் தக்க தண்டத்தை அவன்மேற் செலுத்துவான் அவ்வழக்கிற்குப் புறத்தே நிற்கும் அறிவுடையான் ஒருவன். அவனை நீக்கிவிடின் தொடர்ச்சி எஞ்சும், தண்டம் எஞ்சாது.

நாகார்ச்சுனர் தம் மூலமாத்தியமிக காரிகையின் பதினேழாம் இயலில் ஒருசாரார் கொள்கையாக எடுத்துரைக்கும் உவமையும் இத்தன்மையதே. வினை கடன் போல்வது. அவ்வினை கெடாது நிற்கும் நிலை கடன்முறி போல்வது என்பது அவ்வுவமை. கடன் வாங்கிய பொருள் செலவாகி ஒழியினும் முறி ஒழியாதிருந்து கடனை மீட்பிக்கும் என்பது கருத்து. நாகார்ச்சுனர் இதனைத் தம் முடிபாகக் கொள்ளாது, வினையும் செய்வானும் சூனியமே என முடித்தார் என்பது வேறு. உவமையை ஆராயுமிடத்து, முறி தானே தெருவில் நடந்து சென்று கடன் தண்டுமா? முறியைப் படிக்க வல்லான் வேண்டும். அதனை ஏற்று நடத்தும் மன்றம் வேண்டும். ஓலை சடம். வினையும் சடம். பௌத்தர் தம் கொள்கைக்கு உலகிற் கண்ட உவமைகளுள் இவ்விரண்டினும் அவர் விலக்கிய நான்காவது பொருள் அழையாமலே வந்து அமர்ந்திருக்கின்றது. இதனைச் சைவ மறுப்பு நூல்களின் துணையின்றியே அந்நூல்களைப் பயில்வார் கண்டுகொள்ளலாம். காஞ்சியிற் சாக்கியர் கண்டதும் இதனை ஒத்ததாகவே இருத்தல் வேண்டும்.

அற்றன்று, வித்து முளைத்தற்கு அரசனும் மன்றமும் வேண்டா, வினையும் வித்துப்போல் தானே முளைக்கும் எனின்: இது பௌத்தர் தரப்பில் வலிய விடை. பாலி உரையாசிரியர் பருவம், வித்து, வினை, சித்தம், தருமம் என ஐந்து நியதி வகுத்து, வினைநியதியும் வித்தின் நியதிபோல் இயல்பாய் நிகழ்வதே என்பர். ஆயின் வித்து முளைக்கும் இடத்து முளைக்கின்றது. நெல் நெல்லாகவே விளைகின்றது. வினையோ அவ்வாறன்று. ஓரூரில் ஒருவன் சொன்ன பொய், செய்த அளவிலே மறைந்து, நெடுங்காலங் கழிந்து, பிறிதோர் உடம்பில், பிறிதோர் ஊரில், தாய் தந்தையர் முதலிய பலருடைய வினைகளோடும் பொருந்துமாறு நோயாகவோ வறுமையாகவோ வருதல் வேண்டும். அன்றியும், அங்குத்தர நிகாயத்து உப்புக்கட்டி உவமையில் புத்தரே ஓர் அரிய உண்மையைக் கூறினார். ஒரு சிறு கிண்ண நீரில் இட்ட உப்புக்கட்டி அந்நீரை உவராக்கும். கங்கையில் இட்ட அக்கட்டி கங்கையை உவராக்காது. அதுபோல, ஒரே தீவினை உள்ளம் பண்படாதானை நரகத்துய்க்கும். பண்பட்டானுக்குச் சிறிதளவாய்க் கழியும். உயிரின் பக்குவம் நோக்கிப் பயன் வேறுபடும் என்னும் இக்கருத்துச் சைவர்க்கு மிகவும் இனியது. எனினும் பக்குவம் நோக்கிப் பயனை அளத்தல் வித்தின் தொழில் அன்று, அறிவின் தொழில். வினைவிளைவு சிந்தனைக்கெட்டாத நான்கனுள் ஒன்று எனப் பிறிதோரிடத்து அந்நிகாயம் கூறியமைதலும் ஈண்டு நினைக்கத்தக்கது. சிந்தனைக்கெட்டாத நுட்பமுடைய ஓர் ஒழுங்கினை அறிவில்லாத தொடர்ச்சியின்மேல் ஏற்றுவதினும், அதனை அறிந்து நடத்தும் முதல்வன்மேல் ஏற்றுதல் அறிவிற்கு இயைந்தது என்பர் சைவர்.

இவ்விடத்துப் பௌத்தர் எழுப்பும் தடை ஒன்று எளிதிற் கடக்கற்பாலதன்று. அங்குத்தர நிகாயத்துள் புத்தர் மூன்று கொள்கைகளை விலக்குகின்றார்: இன்பதுன்பம் எல்லாம் பழவினையாலேயே வருவன என்பது ஒன்று, எல்லாம் ஈசுரன் படைப்பாலேயே வருவன என்பது ஒன்று, எல்லாம் காரணமின்றியே வருவன என்பது ஒன்று. இம்மூன்றில் எதனைக் கொள்ளினும், கொலை செய்வான் ஈசுரனாலோ பழவினையாலோ கொலைஞன் ஆயினான் என்றாகும். செய்யத்தக்கது இது, தகாதது இது என்னும் முயற்சிக்கு இடமின்றாம் என்பது அவர் வாதம். முதல் இரண்டையும் ஒருங்கு கொள்ளும் சைவர்க்கு இஃது இருபுறத்தும் கூரிய வாள் அன்றோ?

அஃது ஏனைச் சேசுரவாதிகள் சிலரைத் தாக்கும். சித்தாந்தத்தை அணுகி நின்று, அதன் ஒரு பகுதியையே தீண்டும். சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தின்படி முதல்வன் தன் ஆணையால் உயிர்களை வினைக்கீடாகப் போக்குவரவு செய்விக்கின்றான். அவன் வினையைப் படைப்பவன் அல்லன், அஃது அநாதி. பயனைக் கூட்டுவிப்பதும் ஒரு செயலைச் செய்யத் தூண்டுவதும் வேறு. ஞாயிறு தோன்றத் தாமரை மலரும், ஆம்பல் குவியும், அறுத்திட்ட புல் உலரும். ஒளி ஒன்றே; அதனை ஏற்பன தத்தம் நிலைக்கேற்ப வேறுபடும். நுகர்வினை இன்பதுன்ப நிகழ்ச்சியைக் கொணரும். அந்நிகழ்ச்சியின் முன் நின்று விருப்பு வெறுப்புக் கொண்டு ஏறுவினை ஈட்டுவதோ ஈட்டாதொழிவதோ உயிரின்பாற்பட்டது. நோய் ஊழால் வந்ததாகலாம். நோயுற்றபோது மருத்துவனை வைதல் ஊழன்று. இவ்வேறுபாட்டைச் சைவ நூலுரைகள் தெளிவுறக் கூறியிருப்பவும், ஊழே எல்லாம் செய்யும் என மேடைகளிற் பேசுவார், புத்தர் விலக்கிய முதற்கொள்கையைத் தாமே எடுத்துச் சுமந்து அத்தடைக்கு ஆளாகின்றனர். அவர்மாட்டுப் புத்தர் கூறியது முழுதும் பொருந்தும்.

இனி, முதல்வன் வெறும் நடுவன் அல்லன் என்பதே சித்தாந்தத்தின் உயிர்நிலை. மாம்பழக் கள்வனைத் தண்டித்த அரசன் தண்டித்த அளவில் அமைந்தான். இறைவனோ தண்டிப்பதும் திருத்துதற்பொருட்டே. தாய் தந்தையர் தம் சொல்வழி நில்லாத மக்களை அடித்தலும் கட்டுதலும் பரிவேயாதல் போல்வதென்றும், மருத்துவன் சில நோயைக் கீறியும், சில நோயைப் பாலும் கட்டியும் கொடுத்தும் தீர்த்தல் போல்வதென்றும் அருணந்தியார் உவமை கூறினார். வினை கடனாயின் அது தீர்க்கற்பாலது, நோயாயின் ஆற்றற்பாலது. பௌத்தத்திற் புத்தரும் மருத்துவரே. ஆயின் அவர் நோயின் காரணமும் மருந்தும் சொல்லிப் போந்த மருத்துவர். சைவத்தில் நோயாளியின் கட்டிலருகே நீங்காது நிற்கும் மருத்துவன் உளன். இரண்டனுள் எது மெய் என்பது வாதத்தால் மட்டும் முடியாதாயினும், இரண்டும் ஒன்றே என்பது ஒருவாற்றானும் பொருந்தாது.

இவ்வாராய்ச்சி ஏட்டளவினதன்று, உலகில் துன்புறுவாரை நோக்கும் நோக்கினையே மாற்றுவது. அறிஞர் அம்பேத்கர் 1956-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 14-ஆம் நாள் நாகபுரியிற் பௌத்தம் தழுவினார். அவர் மறைவின்பின் 1957-இல் வெளிவந்த ‘புத்தரும் அவரது தம்மமும்’ என்னும் ஆங்கில நூலில் வினைக்கொள்கைக்கெனத் தனிப்பகுதி வகுத்து, பௌத்தர் வினையும் வைதிகர் வினையும் சொல்லால் ஒன்றாயினும் பொருளால் வேறு என வற்புறுத்தினார். வறியார் வறியராதற்கும் தாழ்த்தப்பட்டார் தாழ்ந்திருத்தற்கும் முற்பிறப்பு வினையே காரணம் என்பது, அவர் நிலைக்குப் பொறுப்பேற்கவேண்டிய அரசும் சமுதாயமும் தப்பித்துக்கொள்ளுதற்கு இயற்றிய சூழ்ச்சியே என்பது அவர் குற்றச்சாட்டு. பாலி நூல்களில் மறுபிறப்புவினை பலவிடத்தும் கூறப்பட்டிருத்தலின், அவர் காட்டிய பௌத்தம் பண்டைப் பௌத்தத்தோடு முற்றும் ஒத்ததன்று என்று கூறலாம். அவ்வாறு கூறிக் குற்றச்சாட்டினைக் கடந்துவிட்டதாகக் கருதல் கூடாது. பசித்தார் வாயிலில் நிற்ப, அவன் வினை அது என்று கதவடைத்த கைகளுள் நீறணிந்த கைகளும் உள.

சம்யுத்த நிகாயத்துள் சீவகன் என்னும் பரிவிராசகன் இதனையே புத்தரிடம் வினவினான். நுகரும் நுகர்ச்சி அனைத்தும் பழவினையே என்பார் உளரே, அது மெய்யா என்றான். பித்தம், ஐ, வளி, இம்மூன்றன் கூட்டு, பருவ வேறுபாடு, ஒவ்வாத ஒழுக்கம், பிறர் தாக்குதல், வினைவிளைவு எனக் காரணம் எட்டு எண்ணி, வினையை அவற்றுள் ஒன்றாகவே புத்தர் வைத்தார். சித்தாந்தம் இவ்வாறு எண்ணாது. தன்னாலும், பிற உயிர்களாலும், தெய்வத்தாலும் வரும் துன்பம் மூன்றும் நுகர்வினை வந்தெய்தும் வாயில்களே என அது கூறும். ஆகவே அம்பேத்கர் கூறிய இழுக்குச் சைவத்துள் நுழைதற்கு வழி பௌத்தத்தினும் அகலமானது என்பதனை ஒளியாது ஒப்புக்கொள்ளல் நேர்மை. அவ்வழியை அடைக்கும் பொறுப்பும் சைவர்க்கே மிகுதி. அடைக்கும் தாழ் அவர் கையிலேயே உளது: பயனைக் கூட்டுவிப்போன் இறைவன் ஒருவனே, தண்டிக்கும் உரிமை பிறர்க்கு இன்று. பிறன் துன்பத்தை அவன் வினையெனக் காட்டி உதவி மறுப்பான், நான்காவது பொருளின் இருக்கையில் தான் ஏறி அமர்ந்தவனாவான். தன் துன்பத்தை நோக்குங்கால் வினையை நினைத்தலும், பிறர் துன்பத்தை நோக்குங்கால் அருளை நினைத்தலுமே அறத்தின் வைப்பு முறை. திருவீழிமிழலையில் வற்கடம் வந்துற்றபோது அப்பரும் ஆளுடைய பிள்ளையாரும் ஊரார் வினையை எண்ணி அமர்ந்திலர். நாள்தோறும் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுதளித்தனர்.

கொங்குநாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில் நிகழ்ந்தது இதனினும் தெளிவானது. இந்நாளில் திருச்செங்கோடு என வழங்கும் அவ்வூரில் பிள்ளையார் அடியார் கூட்டத்தோடு தங்கியிருந்த காலம் பனிப்பருவம். உடன் வந்தார் பலர் குளிர்சுரத்தால் நடுங்கினர். இந்நிலத்தில் இப்பருவத்துக்கு இது இயல்பு எனப் பிள்ளையார்க்குக் கூறினர். சீவகனுக்குப் புத்தர் எண்ணிக் காட்டிய எட்டனுள் பருவ வேறுபாடு என்பதே ஈண்டும் கூறப்பட்ட காரணம். பிள்ளையார் அதனை இயல்பென விட்டாருமல்லர்; வினையென விட்டாருமல்லர். திருநீலகண்டத் திருப்பதிகம் அருளினார். முன்செய்த வினைக்கு இது பயன் என்னும் நியதியை அறிந்துவைத்தும், உய்யும் வழி தேடாது வாளாவிருப்பாரை நோக்கி, அஃது அவர்தம் குறையே என இடித்துரைப்பதாகவே அப்பதிகம் தொடங்குகின்றது. சோலை வைத்தலும் குளம் தொடுதலுமாகிய கைத்தொண்டுகளும் அதனுள் பேசப்படுகின்றன. வினை தீண்டாது என ஆணையிட்டு அவர் பாடி முடித்த அந்நாளில், அவ்வூரில் வாழ்வாரை மட்டுமன்றி அந்நாடு முழுவதையும் விட்டுப் பனிப்பிணி நீங்கிற்று எனச் சேக்கிழார் உரைத்தார்.